கண்ணாடி பார்த்துப் படம் போடும் குழந்தைகள்

ஒரு வேடிக்கை செய்து பாருங்கள்.

உங்கள் வீட்டில் ஆறு, ஏழு வயதில் குழந்தை இருக்கிறதா? ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கையில் கொடுங்கள். "ஒரு முகம் போடு, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.

குழந்தை முதலில் ஒரு வட்டம் போடும். வட்டத்தின் உச்சியில், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு கண்களை வைக்கும். நடுவில் மூக்கு. அதற்குக் கீழே வாய். மிச்ச இடமெல்லாம் மோவாய்!

சிரிக்காதீர்கள். இன்னொரு காகிதத்தை எடுத்து நீங்களும் ஒரு முகம் போடுங்கள். உங்கள் படத்திலும் அநேகமாகக் கண்கள் மேலேதான் இருக்கும். நான் போட்ட படத்திலும் அப்படித்தான் இருந்தது. நான் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவன். தினமும் காலையில் கண்ணாடி பார்த்து முகச்சவரம் செய்துகொள்கிறவன். ஆனாலும் என் முகத்தில் என் கண் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

சிறிய ஊர். சிறிய பள்ளிக்கூடம். ஓவியத்துக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியையே, வெள்ளிக்கிழமைதோறும் கடைசி மணியில் படம் போடவும் சொல்லிக் கொடுக்கிறார். அதுவும் மனித முகம் மட்டும்! நான்கு வெள்ளிக்கிழமை அந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"என் பெயரையும் போடாதீர்கள், பள்ளிக்கூடத்தின் பெயரையும் போடாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "கணக்கை விட்டுவிட்டுப் படம் போட வைக்கிறாள் என்று நாளைக்கே யாராவது வந்து நிற்பார்கள்!"

ஓலை சொன்ன இடம்

முதல் வெள்ளிக்கிழமை யாரும் பென்சிலைத் தொடவில்லை. ஆசிரியை ஒரு தென்னங்கீற்றைக் கொண்டு வந்திருந்தார். ஈர்க்கை நீக்கி, ஓலையை நாடா போல் கிழித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

குழந்தைகள் இரண்டு இரண்டு பேராக எழுந்து நின்றார்கள். ஒருவன் தலைமேல் ஸ்கேலைப் படுக்க வைத்துக்கொண்டான். மற்றவன் அந்த ஸ்கேலிலிருந்து மோவாய் வரைக்கும் ஓலையைத் தொங்கவிட்டு, அந்த அளவுக்குக் கிள்ளினான்.

"இப்போது ஓலையைச் சரி பாதியாக மடியுங்கள். மடித்த இடம் முகத்தில் எங்கே வரும்? வைத்துப் பார்க்காமல் சொல்லுங்கள்."

"மூக்கு!" என்றார்கள் சிலர். "வாய்!" என்றான் ஒருவன். நானும் மனத்துக்குள் மூக்கு என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

ஓலையை முகத்தோடு வைத்தார்கள். ஒரு நிமிஷம் வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு ஒரு பையன் கத்தினான்: "டீச்சர்! கண்ணிலே வருது!"

ஆம். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில்தான் கண் இருக்கிறது. குழந்தைகளுக்கு நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழேயே இருக்கும்.

பின் ஏன் எல்லாரும் கண்ணை மேலே வைக்கிறோம்? ஒருவரோடு பேசும்போது கண்ணைப் பார்க்கிறோம், வாயைப் பார்க்கிறோம். நெற்றியையும் உச்சந்தலையையும் யார் பார்க்கிறார்கள்? அங்கே ஒன்றும் நடப்பதில்லையே! ஆகையால் மனம் அவற்றைச் சுருக்கிவிடுகிறது. கை, மனம் சொன்னபடி போடுகிறது. கண் கண்டதைப் போடுவதில்லை.

இந்த ஒரு விஷயத்தைப் புரிய வைத்துவிட்டால் முகம் வரைவதில் பாதி வேலை முடிந்தது என்கிறார் ஆசிரியை. மற்ற அளவுகளைக் குழந்தைகளே கண்டுபிடித்தார்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்கலாம். ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஏறக்குறைய ஐந்து கண் அகலம். காது எத்தனை நீளம் தெரியுமா? புருவத்திலிருந்து மூக்கின் அடி வரைக்கும். "இவ்வளவு பெரிய காதா!" என்று ஒருவர் காதை ஒருவர் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அப்புறம் பாடம் நடக்கவில்லை.

ஸ்தபதிகளின் கணக்கு

தென்னை ஓலையால் அளக்கிற வழக்கம் ஆசிரியை கண்டுபிடித்ததல்ல. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை இருக்கிறது அல்லவா? அங்கே பஞ்சலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகள், சிலையின் உயரத்துக்கு ஓர் ஓலையை எடுத்துக் கணக்காக மடித்து அளவு வைத்துக்கொள்வார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர்.

சிற்ப சாஸ்திரத்தில் முகம்தான் அளவுகோல். முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை உள்ள நீளம் ஒரு தாலம். உள்ளங்கையும் நடுவிரலும் சேர்ந்த நீளமும் அதே அளவு. மணிக்கட்டை மோவாயில் வைத்துக் கையை முகத்தோடு ஒட்டிப் பாருங்கள். நடுவிரல் நுனி, முடி தொடங்கும் இடத்தை ஏறக்குறையத் தொடும். முழு உருவத்துக்கு ஒன்பது தாலம், பத்துத் தாலம் என்று வகை வகையாகக் கணக்கு உண்டு. பிள்ளையாருக்கு மட்டும் ஐந்து. குட்டை உருவம், பெரிய தலை. அதனால்தான் அவரைப் பார்த்தால் குழந்தை மாதிரி இருக்கிறது போலும்!

உண்மையிலேயே பிறந்த குழந்தையின் தலை, உடம்பின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஏழில் ஒரு பங்குக்கும் குறைவுதான். இது தெரியாமல் குழந்தைப் படம் போட்டால், சட்டை போட்ட குள்ள மனிதர் வந்து நிற்பார். பழைய காலண்டர்ப் படங்களில் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மலை, ஒரு சூரியன்

"படம் போடு" என்றால் நம் ஊர்ப் பிள்ளைகள் என்ன போடுவார்கள்? இரண்டு மலை. நடுவில் சூரியன். ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். வானத்தில் நாலு காக்கை. மலையே இல்லாத ஊரிலும் இதே மலைதான்! நானும் இதைத்தான் போட்டேன். என் தகப்பனாரும் இதைத்தான் போட்டிருப்பார்.

கரும்பலகையில் உள்ளதைப் பார்த்துப் போடுவதுதான் ஓவியம் என்று ஆகிவிட்டது. இதை மாற்ற முயன்றவர்களில் பெரியவர், ஆஸ்திரியா தேசத்தைச் சேர்ந்த பிரான்ஸ் சிசெக். வியன்னா நகரத்தில் 1897-ல் குழந்தைகளுக்கென்று ஓவிய வகுப்பு தொடங்கினார். பெரியவர்கள் போட்ட படத்தைப் பார்த்துப் போடாமல், தங்கள் மனத்தில் உள்ளதைக் குழந்தைகள் போட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய வகுப்பைப் பார்க்கப் பல தேசத்து ஆசிரியர்கள் வியன்னாவுக்குப் போனார்கள்.

சிறு குழந்தைகள் விஷயத்தில் அவர் சொன்னது சரி. மூன்று, நாலு வயதுக் குழந்தை போடும் மனிதனுக்குத் தலை இருக்கும், தலையிலிருந்தே காலும் கையும் கிளம்பும், வயிறே இருக்காது. அதைத் திருத்தக் கூடாது. அமெரிக்காவில் புளோரன்ஸ் குட்எனஃப் என்ற அம்மையார், குழந்தைகள் போட்ட மனிதப் படங்களை வைத்து அவர்கள் அறிவு வளர்ச்சியை அளக்க 1926-ல் ஒரு முறை வகுத்தார். படம் அழகாக இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. கண் இருக்கிறதா, கழுத்து இருக்கிறதா, விரல் இருக்கிறதா என்றுதான் எண்ணினார்.

ஆனால் ஒன்பது, பத்து வயதில் வேறு ஒரு சங்கடம் வருகிறது. குழந்தை தன் படத்தையும் உண்மையான முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குகிறது. "எனக்கு வரலை" என்று காகிதத்தைக் கசக்குகிறது. ஓவியக் கல்வியைப் பற்றி 1947-ல் ஒரு புகழ்பெற்ற புத்தகம் எழுதிய விக்டர் லோவன்ஃபெல்டும் இந்தப் பருவத்தைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். நம்மில் பலர் படம் போடுவதை விட்டது இந்த வயதில்தான். அந்தச் சமயத்தில், "உன் மனம்போல் போடு" என்று சொல்லிவிட்டுப் போவது தைரியம் தருவதாகாது. குழந்தை கேட்பது வழி. ஓலையால் அளக்கக் கற்றுக் கொடுப்பது எத்தனையோ மேல்.

அம்மாவின் மூக்கு

நான் விட்ட கதையைச் சொல்கிறேன். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் அம்மாவின் படம் போட்டேன். என் அம்மாவுக்கு மூக்கு சற்றுப் பெரியது. அதை நன்றாகத்தான் போட்டிருந்தேன். ஆசிரியர் வந்தார். ரப்பரால் அந்த மூக்கை அழித்தார். தம் பென்சிலால் அழகான, கூரான மூக்கு ஒன்றைப் போட்டார். கீழே "நன்று" என்று எழுதிவிட்டுப் போனார்.

படம் உண்மையில் நன்றாக ஆகிவிட்டது. ஆனால் அது என் அம்மா இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அதற்குப் பிறகு நான் முகம் போட்டதும் இல்லை. அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். அதுதான் கஷ்டம்.

இந்த வகுப்பில் ஆசிரியை குழந்தைகளின் காகிதத்தைத் தொடுவதே கிடையாது. ஏதாவது காட்ட வேண்டுமானால் தம் நோட்டில் போட்டுக் காட்டுகிறார். குழந்தைகளுக்கும் ஒரு சட்டம் உண்டு. ரப்பர் கூடாது! கோடு தப்பினால் பக்கத்தில் இன்னொரு கோடு. எது சரி என்று பிறகு தெரிந்துவிடும்.

ரப்பர் இல்லாமல் போட முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரத்தில் தங்க வேலை செய்யும் ஒருவருடைய பிள்ளை அவன். 1484-ல், தன் 13-ஆவது வயதில், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் படமாகப் போட்டான். பென்சில் கிடையாது. மெருகிட்ட காகிதத்தில் வெள்ளி முனையால் இழுக்கிற கோடு. இழுத்தால் இழுத்ததுதான், அழிக்க முடியாது. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் படம் வியன்னாவில் ஆல்பர்டினா காட்சிசாலையில் இருக்கிறது. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஆல்பிரக்ட் டியூரர்.

"ட" என்கிற மூக்கு

இரண்டாவது வெள்ளிக்கிழமை, வீட்டிலிருந்து கண்ணாடி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பவுடர் டப்பாக் கண்ணாடி, அப்பாவின் சவரக் கண்ணாடி, சைக்கிளிலிருந்து கழற்றிய கண்ணாடி எல்லாம் வந்தன. உடைந்த கண்ணாடிக்கு மட்டும் அனுமதி இல்லை.

முகத்தில் கஷ்டமானது எது? கண் என்று நினைத்தேன். மூக்கு! கண்ணுக்கும் வாய்க்கும் ஓரம் உண்டு, கோடு போட்டுவிடலாம். மூக்குக்கு ஏது கோடு? கன்னத்திலிருந்து அப்படியே மேடாகிறது. குழந்தைகள் "ட" என்ற எழுத்தைப் போட்டு மூக்கு என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆசிரியை எல்லாரையும் ஜன்னல் பக்கம் ஒரு கன்னத்தைக் காட்டி உட்காரச் சொன்னார். "மூக்கைத் தேடாதீர்கள். இருட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அதைப் பென்சிலைச் சாய்த்துத் தடவுங்கள்" என்றார். மூக்கின் ஒரு பக்கத்தில் நிழல். மூக்குக்கு அடியில் கொஞ்சம். கீழ் உதட்டுக்கு அடியில் கொஞ்சம். அவற்றைத் தடவியதும் காகிதத்திலிருந்து மூக்கு எழுந்து வந்தது. கோடே போடாமல்!

மூன்றாவது வாரம் ஒருவரை ஒருவர் போட வேண்டும். முதல் மூன்று நிமிஷம் பென்சில் கீழே. எதிரில் இருக்கிறவரைப் பார்க்க மட்டும் வேண்டும். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. ஒரு பையன் என்னிடம் ஓடி வந்து சொன்னான்: "சார், இவனுக்குப் புருவத்திலே தழும்பு இருக்கு. ஒண்ணாவதிலேருந்து பக்கத்திலேதான் உட்காந்திருக்கேன். இன்னிக்குத்தான் பார்த்தேன்!"

"காணாமப் போச்சு டீச்சர்!"

அந்த வாரமே வண்ணமும் தீட்டினார்கள். அப்போதுதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது.

குழந்தைகளின் வண்ணக்குச்சிப் பெட்டிகளில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு குச்சி இருந்தது. "அது தோல் கலர் சார்" என்றார்கள். யாருடைய தோல்? அந்த வகுப்பில் அந்த நிறத்தில் ஒருவரும் இல்லை. நானும் இல்லை. ஆனால் எல்லாரும் அந்தக் குச்சியைத்தான் எடுத்துத் தங்கள் முகத்துக்குத் தீட்டினார்கள். அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி, இப்படி ஒரு குச்சிக்குத் "தசை நிறம்" என்று வைத்திருந்த பெயரை 1962-லேயே எடுத்துவிட்டது. நம் பிள்ளைகளின் வாயில் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆசிரியை பிரசங்கம் செய்யவில்லை. "அந்தக் குச்சியை உங்கள் கைமேல் வைத்துப் பாருங்கள்" என்றார். வைத்துப் பார்த்தார்கள். பிறகு தண்ணீர் வண்ணம் வந்தது. மஞ்சள், சிவப்பு, நீலம். மூன்று மட்டும். "உங்கள் கையின் நிறத்தைக் கொண்டு வாருங்கள்."

மஞ்சளும் சிவப்பும் கலந்தால் ஆரஞ்சு. அதில் ஒரு சொட்டு நீலம் விட்டால் மாநிறம். இன்னும் விட்டால் கறுக்கும். எத்தனை சொட்டு என்பதை அவரவர் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சிறுமி மட்டும் தூரிகையைத் தொடவில்லை. "நான் ரோஜாவே தீட்டிக்கிறேன் டீச்சர்" என்றாள். ஏன் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க வீட்டிலே நான்தான் கறுப்புன்னு எல்லாரும் சொல்வாங்க" என்றாள்.

ஆசிரியை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சொல்கிறவர்கள் சொல்லட்டும். எந்தக் கறுப்பு என்று கண்டுபிடி. நீலம் அதிகமா, சிவப்பு அதிகமா? எனக்குத் தெரியவில்லையே" என்றார்.

அவள் தொடங்கினாள். கலந்து கலந்து மணிக்கட்டின்மேல் ஒரு பொட்டு வைத்தாள். வெளுப்பு. இன்னொன்று. பச்சைச் சாயல் அடித்தது. இன்னொன்று. மணி அடித்து மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கை முழுவதும் பொட்டு. கடைசியில் ஒன்றை வைத்துவிட்டு, கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள்.

"காணாமப் போச்சு டீச்சர்!"

"எது?"

"பொட்டு! வெச்சேன், தெரியவே இல்லை!"

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஈரம் மினுங்கியதால்தான் பொட்டு இருந்த இடம் தெரிந்தது. அந்த வண்ணத்தை ஒரு மூடியில் ஊற்றி, காய்ந்துவிடாமல் இன்னொரு மூடியால் மூடி, அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

ஆயா வந்தார்

நான்காவது வெள்ளிக்கிழமைக்கு வீட்டுப் பாடம், வீட்டில் ஒரு பெரியவரைப் பார்த்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும். போட்டோவைப் பார்த்துப் போடக் கூடாது. வந்த படங்களை வகுப்பின் குறுக்கே கயிறு கட்டித் துணி காயப்போடுவது போல் மாட்டினார்கள். சாயங்காலம் தாய் தகப்பன்மார் வந்து பார்த்தார்கள். ஒரு தகப்பனார் தம் வழுக்கையைக் கண்டு கொஞ்சம் கோபித்துக்கொண்டார். ஓர் அம்மாள், "நான் இவ்வளவு களைச்சுப் போயா இருக்கேன்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அந்தச் சிறுமி தன் ஆயாவைப் போட்டிருந்தாள். ஆயா முறத்தில் அரிசி பார்க்கிறார். பக்கவாட்டில் தெரிகிற முகம். பக்கவாட்டு முகம் போடும்போது குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு கண்ணையும் போட்டுவிடுவார்கள். இரண்டு கண் உண்டு என்று தெரியும் அல்லவா? இவள் ஒரு கண்தான் போட்டிருந்தாள். முகத்தின் நிறம், மூடியில் கொண்டுபோன அதே நிறம். சுருக்கங்களுக்கு மட்டும் இன்னும் ஒரு சொட்டு நீலம் விட்டிருந்தாள்.

ஆயாவே வந்தார். படத்தின் முன்னால் நின்று வெகு நேரம் பார்த்தார்.

"ஏண்டி, எனக்கு ரெண்டு மூக்குத்தி ஆச்சே. ஒண்ணைத்தான் போட்டிருக்கே. இடது பக்கத்து மூக்குத்தி எங்கே?"

"அது அந்தப் பக்கம் இருக்கு ஆயா. நான் உட்காந்த இடத்திலேருந்து தெரியலை."

ஆயா கையை உயர்த்தி, இடது மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.